போனுக்குள் இருக்கும் இன்னொரு ஊர்: வன்னியில் பெற்றோரும் பிள்ளைகளும் கேட்கும் கேள்விகள்

பரந்தனுக்குக் கிட்ட ஒரு கல்வி நிலையத்தில் ஓ.எல்., ஏ.எல். பரீட்சை எடுக்கும் பிள்ளைகளுக்குத் தகவல் தொழில்நுட்பம் படிப்பிக்கிறேன். வகுப்பு முடிந்து சைக்கிளை எடுக்கப் போனால் யாராவது ஓர் அம்மாவோ அப்பாவோ மதிலோரம் நிற்பார். "சேர், ஒரு விசயம் கேக்கோணும்" என்று தொடங்குவார். பெரும்பாலும் அது பிள்ளையின் போனைப் பற்றியதாகத்தான் இருக்கும். பிள்ளைகளும் கேட்கிறார்கள், ஆனால் அவர்களுடைய கேள்விகள் வேறு. இரண்டு பக்கத்துக் கேள்விகளையும் சேர்த்து எனக்குத் தெரிந்த அளவில் இங்கே பதில் எழுதுகிறேன். நானும் ஒரு காலத்தில் இரண்டு வருடம் அந்த உலகத்துக்குள் கிடந்து வந்தவன். அதையும் கீழே சொல்லியிருக்கிறேன்.

மெய்நிகர் உலகம் எண்டால் என்ன? எல்லாக் கேமும் அதுதானா?

இல்லை. தனியே இருந்து காய்களை அடுக்கி விளையாடுவது வெறும் கேம். உலகம் என்று சொல்வதற்கு மூன்று விசயம் வேண்டும். வேறு வேறு ஊர்க்காரர் அதே நேரத்தில் அதே இடத்தில் உங்களோடு நிற்க வேண்டும். உங்களுக்கு அங்கே ஓர் உருவம் இருக்க வேண்டும். நீங்கள் போனை வைத்துவிட்டுப் படுத்தாலும் அந்த இடம் தன்பாட்டில் நடந்துகொண்டிருக்க வேண்டும்.

இது நேற்று முளைத்த விசயமில்லை. 1978இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ரோய் ட்ரப்ஷோ, ரிச்சர்ட் பார்ட்டில் என்ற இரண்டு மாணவர்கள் முதலாவதைத் தொடங்கினார்கள். அதில் படம் கிடையாது, எழுத்து மட்டும்தான். 1986இல் லூக்காஸ்ஃபிலிம் நிறுவனத்தின் ஹபிடாட் வந்தது. உள்ளே நடமாடும் உருவத்துக்கு அவர்கள் வைத்த பெயர் 'அவதார்'. எங்கள் அவதாரம்தான் அது. பிறகு 2003இல் செகண்ட் லைஃப், 2004இல் வேர்ல்ட் ஒஃப் வோர்கிராஃப்ட், 2006இல் ரோப்லொக்ஸ், 2011இல் முழுமையாக வெளிவந்த மைன்கிராஃப்ட். எங்கள் பெடியள் அதிகம் விளையாடும் ஃப்ரீ ஃபயர் 2017இல் வந்தது. ஐம்பது பேர் ஒரு தீவில் இறங்கி அடிபட்டு, கடைசியில் மிஞ்சுகிறவர் வெல்வது அதன் ஆட்டம். ஓர் ஆட்டம் பத்துப் பதினைந்து நிமிடத்தில் முடிந்துவிடும் என்பதால் கண்டிப்பாகப் பார்த்தால் அதை உலகம் என்று சொல்ல ஏலாது. ஆனால் ஆட்டத்துக்கு முன்னும் பின்னும் கூட்டாளிகள் கூடி நிற்பதும் உடுப்புக் காட்டுவதும் விடியும்வரை கதைப்பதும் பிள்ளைகளுக்கு அதை ஓர் ஊராக ஆக்கிவிட்டது.

முல்லைத்தீவுப் பக்கம் கோவலன் கூத்துப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு வேறு விளக்கம் தேவையில்லை. பகல் முழுக்க வயலில் நின்றவர் இரவு முடி வைத்து வந்தால் ஊர் அவரைக் கோவலனாகத்தான் பார்க்கும். அழுகிறவர்கள் உண்மையாகவே அழுவார்கள். ஆனால் கூத்துக்கு விடியல் என்று ஓர் எல்லை உண்டு. இதற்கு அது கிடையாது.

அப்படி என்ன இருக்கெண்டு அதுக்குள்ளேயே கிடக்கிறாங்கள்?

முதலில் சொன்ன பார்ட்டில் 1996இல் ஒரு கட்டுரை எழுதினார். உள்ளே வருகிற ஆட்களை நாலு வகையாகப் பிரித்திருந்தார்: புள்ளியும் பட்டமும் சேர்க்க வருகிறவர், மூலை முடுக்கெல்லாம் சுற்றிப் பார்க்க வருகிறவர், ஆட்களோடு கதைக்க வருகிறவர், மற்றவரை வீழ்த்த வருகிறவர். என்னிடம் வருகிற பிள்ளைகளை இந்த நாலில் ஒன்றுக்குள் வைத்துப் பார்த்தால் அநேகமாகப் பொருந்துகிறது. உங்கள் பிள்ளை எந்த வகை என்று தெரிந்தால் அந்தப் பிள்ளைக்கு வெளியில் எது குறைகிறது என்பதும் பாதி விளங்கும்.

அதை வன்னியில் வைத்துப் பாருங்கள். சண்டை முடிந்து நடந்த மீள்குடியேற்றத்தில் வீடுகள் அரை ஏக்கர், ஒரு ஏக்கர் தள்ளித்தான் கட்டப்பட்டன. பொழுதுபட்டால் ஒட்டுசுட்டான், நெடுங்கேணிப் பக்கம் யானைப் பயம். பெண்பிள்ளையை ஆறு மணிக்குப் பிறகு படலைக்கு வெளியே விடமாட்டார்கள். வகுப்பில் பக்கத்தில் இருந்த சிநேகிதியின் வீடு ஏழு கிலோமீற்றர் தள்ளி இருக்கும். கிளித்தட்டுக்கு ஆள் சேர்க்க வேண்டுமென்றால் நாலு ஒழுங்கை சைக்கிள் ஓட வேண்டும். போனில் இரண்டு நிமிடத்தில் நாலு பேர் சேர்ந்துவிடுவார்கள். பிள்ளைக்குச் சோம்பல் என்று நான் நினைக்கவில்லை. அதற்குத் துணை தேவைப்படுகிறது, கிடைக்கிற இடத்துக்குப் போகிறது.

அங்க கிடைக்கிற சிநேகிதம் உண்மையான சிநேகிதமா?

உண்மையானதுதான். இந்த ஒன்றில் எனக்குக் கொஞ்சமும் சந்தேகமில்லை.

நோர்வேயில் மட்ஸ் ஸ்டீன் என்று ஒரு பெடியன் இருந்தார். தசைகள் சிறிது சிறிதாக வலுவிழக்கும் நோய். சக்கர நாற்காலியில் இருந்தபடி ஆயிரக்கணக்கான மணி நேரம் வேர்ல்ட் ஒஃப் வோர்கிராஃப்டில் கழித்தார். மகன் சிநேகிதர் யாருமில்லாமல் தனியே காலம் தள்ளுகிறான் என்று தாய் தகப்பன் கவலைப்பட்டுக்கொண்டிருந்தார்கள். 2014இல் அவர் 25 வயதில் இறந்தார். அவருடைய வலைப்பதிவில் தகப்பன் அந்தச் செய்தியைப் போட்டார். அதற்குப் பிறகு வந்த கடிதங்களைப் பார்த்துத்தான், தங்கள் மகன் இத்தனை பேருடைய துக்கத்தில் கூட நின்றிருக்கிறான், ஆலோசனை சொல்லியிருக்கிறான் என்பது அவர்களுக்குத் தெரிந்தது. செத்தவீட்டுக்கு வேறு நாடுகளிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள்.

எனக்குத் தெரிந்த ஓர் அண்ணா இருக்கிறார். 2009 சண்டையில் முதுகில் செல் துண்டு பட்டு இடுப்புக்குக் கீழே இயக்கமில்லை. பகலில் வீட்டு முன் விறாந்தையில் சின்னக் கடை, இரவில் போன். ஒருநாள் அவர் விளையாடுவதைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். ஆட்டம் முடிந்த பிறகும் அவருடைய உருவம் ஒரு தீவின் கடற்கரையோரம் சும்மா ஓடிக்கொண்டிருந்தது. சண்டையும் இல்லை, எடுக்க ஒன்றும் இல்லை. "என்னண்ணா செய்யிறீங்கள்?" என்று கேட்டேன். "ஓடுறன்" என்றார். அதற்கு மேல் நான் ஒன்றும் கேட்கவில்லை. அவருடைய குழுவில் மலேசியாவில் ஒருவர், மட்டக்களப்பில் இரண்டு பேர். அவருக்குக் கால் இயங்காது என்பது அவர்களுக்கு ஒரு வருடம் கழித்துத்தான் தெரியுமாம். தெரிந்த பிறகும் ஒருவரும் விலகவில்லை.

என்ர மகள் ஆம்பிளைப் பேரில நிக்கிறாள். பயப்பிடவேணுமா?

அநேகமாகத் தேவையில்லை. பெண் பெயரோடு போனால் தொந்தரவு வரும் என்று பட்டறிந்துதான் பல பெண்பிள்ளைகள் அப்படிச் செய்கிறார்கள், மைக்கையும் நிறுத்திவிடுகிறார்கள். என் வகுப்பில் ஒரு பிள்ளை, "சேர், ஆம்பிளைப் பேர் வைச்ச பிறகுதான் நான் விளையாடவே தொடங்கினனான்" என்று சொன்னாள்.

உருவத்துக்கு ஒரு வலு இருக்கிறது என்பதை ஆராய்ந்தும் பார்த்திருக்கிறார்கள். நிக் யீ, ஜெரமி பேலன்சன் இருவரும் 2007இல் வெளியிட்ட ஆய்வில், உயரமான உருவம் கொடுக்கப்பட்டவர்கள் பேரம் பேசும்போது கூடுதல் துணிவோடு நின்றார்கள். வகுப்பில் வாயே திறக்காத பிள்ளை உள்ளே போய்ப் பத்துப் பேருக்குக் கட்டளை போடுவதை நானே கண்டிருக்கிறேன். அந்தத் துணிவில் கொஞ்சத்தை வெளியே கொண்டுவர முடியுமா என்று பாருங்கள். பொய்ப் பெயர் வைத்ததற்காக ஏசாதீர்கள்.

வெளிநாட்டில இருக்கிற சொந்தக்காரரோட விளையாடுறது நல்லதுதானே?

நல்லது. ஆனால் எங்கள் பக்கத்தில் நித்திரை கெடுவதற்கு நான் கண்ட பெரிய காரணமும் அதுதான்.

கனடாவில் ஸ்காபரோவில் இருக்கிற மச்சான் கோடை காலத்தில் பள்ளிக்கூடம், சாப்பாடு எல்லாம் முடித்துப் பின்னேரம் ஏழு மணிக்கு உள்ளே வந்தால் கிளிநொச்சியில் அப்போது அதிகாலை நாலரை. லண்டன்காரர் இரவு எட்டு மணிக்கு வந்தால் இங்கே நடுச்சாமம் தாண்டி அரை மணி. எப்போதும் எங்கள் பிள்ளைதான் நித்திரை முறிக்கிறது. ஒரே குடும்பத்துப் பிள்ளைகள், நேரில் ஒருமுறைகூடக் கண்டதில்லை, தமிழில் பாதியும் இங்கிலிசில் பாதியுமாகக் கதைத்து ஒன்றாக ஒரு கோட்டை பிடிக்கிறார்கள் என்பது எனக்குச் சந்தோசமான விசயம். வட்ஸ்அப்பில் "சுகமா, சாப்பிட்டியா" என்று கேட்டுவிட்டுப் பேச்சற்று நிற்பதைவிட இது எவ்வளவோ மேல். அதற்காக நாளாந்தம் நாலரைக்கு எழும்பிய பிள்ளை எட்டு மணிப் பாடத்தில் மேசையில் சாய்ந்து கிடப்பதை ஏற்றுக்கொள்ள முடியாது. சனிக்கிழமை காலை எங்களுக்கு ஏழு மணி என்றால் அங்கே வெள்ளி இரவு ஒன்பதரை. இரண்டு பக்கத்துப் பெற்றோரும் கதைத்து அந்த நேரத்தை வைத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டில் இருக்கிறவர்களுக்கு இந்த மணிக்கணக்கு உறைக்கிறதில்லை. நீங்கள்தான் எடுத்துச் சொல்ல வேண்டும்.

இதால உருப்படியா ஏதும் செய்யலாமா?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. நான் கண்ட ஒன்றைச் சொல்கிறேன்.

வட்டக்கச்சியிலிருந்து வகுப்புக்கு வருகிற பதினாலு வயதுப் பெடியன் ஒருவன். மைன்கிராஃப்டில் எல்லாமே சதுரக் கட்டிகள், ஒரு கட்டி ஒரு மீற்றர் கணக்கு. அந்தக் கட்டிகளால் அவன் ஒரு வீடு கட்டிக்கொண்டிருந்தான். அம்மம்மா புதுக்குடியிருப்பில் இருந்த வீடு. 2009இல் இல்லாமல் போனது. படம்கூட மிஞ்சவில்லை, இடம்பெயரும்போது எல்லாம் விட்டுவந்தாயிற்று. அம்மம்மா சொல்லச் சொல்ல அவன் கட்டினான். ஒருநாள் அவர்கள் வீட்டுக்குப் போனபோது இரண்டு பேரும் போனுக்கு மேல் குனிந்துகொண்டு இருந்தார்கள். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, திரைக்கு ஒரு விரல் அளவு கிட்ட முகத்தை வைத்துக்கொண்டு அம்மம்மா சொல்கிறார்: "கிணறு அந்தப் பக்கமில்லையடா. குசினி வாசல்ல நிண்டு கையை நீட்டினா எட்டுமாப்போல இருக்கோணும்." அவன் கிணற்றை இடித்து இந்தப் பக்கம் வெட்டினான். "இப்ப?" "இப்பச் சரி. துலாவை வை." கிணற்றில் தண்ணீர் அள்ளும் துலா மைன்கிராஃப்டில் கிடையாது. வேலித் தடியையும் சங்கிலியையும் வைத்து அவன் ஒன்று செய்து காட்டினான். அம்மம்மா கனநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, இந்தக் கிணற்றடியில் வைத்துத்தான் உன்ர அம்மாவுக்குத் தலைமுழுக வார்க்கிறது என்று தொடங்கி, அந்தப் பிள்ளை அதுவரை கேட்டிராத கதை ஒன்றைச் சொன்னார்.

இதை வாங்கித்தர எந்தப் புத்தகத்தாலும் முடியாது.

அந்த வீடு இப்ப இருக்கா?

இல்லை. இரண்டு மாதம் கழித்துப் போன் திணறியது. கடையில் ரீசெட் பண்ணினார்கள். போனில் விளையாடும் மைன்கிராஃப்டில் உலகம் போனுக்குள்ளேதான் சேமிக்கப்பட்டிருக்கும், அப்ளிகேஷனை அழித்தால் அதுவும் போய்விடும். அவன் என்னிடம் வந்து அழுதான். அம்மம்மா அழவில்லை. "வீடு போறது எங்களுக்குப் புதுசே, திருப்பிக் கட்டு" என்றாராம்.

இந்த உலகங்களின் பெரிய குறை இது. அங்கே கட்டுவது எதுவும் உறுதியில்லை. பல உலகங்களில் உங்கள் கையில்கூட எதுவும் இல்லை, எல்லாம் கம்பனியின் கணினியில் இருக்கிறது. கிளப் பெங்குவின் என்று சிறுவர் உலகம் ஒன்று இருந்தது. டிஸ்னி நிறுவனம் 2017 மார்ச்சில் அதை மூடியது. மைக்ரோசொஃப்டின் ஓல்ட்ஸ்பேஸ் 2023 மார்ச்சில் மூடப்பட்டது. அங்கே கூடியிருந்தவர்கள் கடைசி நாளன்று ஒருவரிடம் ஒருவர் விடைபெற்றுக்கொண்டு போவதைத் தவிர வேறொன்றும் செய்ய முடியவில்லை. மைன்கிராஃப்டில் என்றால் உலகத்தைத் தெரிவுசெய்து எடிட்டுக்குள் போனால் 'எக்ஸ்போர்ட்' இருக்கும். மாதத்துக்கு ஒருமுறை எக்ஸ்போர்ட் செய்து, உங்களுக்கே மின்னஞ்சலில் அனுப்பி வையுங்கள். மற்றவற்றில் முக்கியமானதைப் படமாவது எடுத்து வையுங்கள்.

பிள்ளை அடிமையாயிட்டான் எண்டு எப்படித் தெரியும்?

எத்தனை மணித்தியாலம் என்பதை வைத்து மட்டும் சொல்ல முடியாது. உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்றுக்கொண்டு 2022இல் நடைமுறைக்கு வந்த நோய்ப் பட்டியலில் கேம் சார்ந்த கோளாறு ஒன்று சேர்க்கப்பட்டிருக்கிறது. மூன்று அடையாளம் சொல்கிறார்கள். தொடங்கினால் நிறுத்தக் கட்டுப்பாடு இல்லை. சாப்பாடு, படிப்பு, ஆட்கள் எல்லாவற்றையும்விட அதுவே முன்னுக்கு வருகிறது. கெடுதல் கண்ணுக்குத் தெரிந்த பிறகும் தொடர்கிறது. இவை வழமையாகப் பன்னிரண்டு மாதமாவது நீடித்து, வாழ்க்கையைப் பாதிக்க வேண்டும். லீவுக்கு இரண்டு கிழமை விழுந்து விளையாடுகிற பிள்ளை நோயாளி இல்லை.

என் கதை இதுதான். மீள்குடியேறிய பிறகு ஏ.எல். படிக்க என்னை வவுனியாவில் மாமா வீட்டில் விட்டார்கள். புது ஊர், தெரிந்த முகம் ஒன்றும் இல்லை. மாமாவின் மகனுடைய பழைய கணினியில் ஓர் உலகம் கிடைத்தது. நாற்பது பேர் கொண்ட குழு. இரவு பதினொன்றுக்குப் படையெடுப்பு, நான் காயப்பட்டவர்களுக்கு வைத்தியம் பார்க்கிறவன். நான் வராவிட்டால் மற்றவர்கள் சாவார்கள். ஒரு வருடத்துக்கு முன் முகாமில் தண்ணீர் வரிசையில் நின்ற ஒருவனிடம் நாற்பது பேர் "நீ வா, நீ இல்லாமல் ஏலாது" என்று சொன்னால் எப்படியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். முதல் முறை சோதனையில் இரண்டு பாடம் போனது. மாமி ஏசினார், அப்பா பஸ் ஏறி வந்து அடித்தார். ஒன்றும் மாறவில்லை. ஒருநாள் இரவு மாமா ஒரு கதிரையை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் இருந்தார். "இது ஆர்? இவர் எந்த நாடு? உனக்கு இதில என்ன வேலை?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். இரண்டு மணி நேரம் சொன்னேன். முடிவில், "உன்ர வேலை பெரிய வேலைதான். வேற ஒராளைப் பழக்கிப்போட்டு வா" என்றார். மூன்று கிழமை எடுத்து ஒரு பெடியனைப் பழக்கிவிட்டு எல்லோரிடமும் சொல்லிவிட்டு வந்தேன். இரண்டாம் முறை சோதனை பாஸ்.

எல்லாப் பிள்ளைக்கும் இது சரிவரும் என்று நான் சொல்லமாட்டேன். சாப்பிடாமல், குளிக்காமல், போனை எடுத்தால் கையில் கிடைத்ததை எறிகிற நிலை என்றால் மாவட்ட வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். 1926 இலக்கத்துக்கும் எடுக்கலாம், தேசிய மனநல நிறுவனத்தின் இலவச இலக்கம் அது. விசர் என்று ஊர் சொல்லும் என்று பயந்து நாளைக் கடத்தாதீர்கள்.

காசு எப்படிப் போகுது? கேம் ஃப்ரீ எண்டுதானே சொல்லுறாங்கள்?

உள்ளே போக ஃப்ரீ. உள்ளே உடுப்பு, துவக்குக்குப் பூசும் நிறம், நடனம், எல்லாம் காசு. நேரடியாக ரூபாயில் விலை போடமாட்டார்கள். ரோப்லொக்ஸில் ரோபக்ஸ், ஃப்ரீ ஃபயரில் டயமண்ட் என்று வேறு பெயர் வைத்து முதலில் அதை வாங்க வைப்பார்கள். டயமண்ட் கணக்கில் பார்க்கிற பிள்ளைக்கு ரூபாய் கணக்கு மறந்துபோகும். இன்னொன்று, என்ன விழும் என்று தெரியாமல் காசு கட்டிச் சுழற்றுவது. பத்துத் தரம் ஒன்றும் விழாது, பதினோராவது விழும். எப்போது விழும் என்று தெரியாத பரிசுதான் ஆளை நெடுகப் பிடித்து வைக்கும். சூதாட்டத்தில் இருப்பது இதே தந்திரம். இப்படி என்ன விழும் என்று தெரியாமல் காசு கட்டித் திறக்கும் பெட்டிகளை பெல்ஜியம் 2018இல் சூது என்றே தீர்மானித்தது.

எங்கள் பக்கம் அநேகமாகக் கொம்யூனிகேஷன் கடையில் நூறு, இருநூறு என்று ரீலோட் போடுவதில்தான் தொடங்குகிறது. ஒரு பிள்ளையிடம் போட்டதையெல்லாம் கொப்பியில் எழுதச் சொன்னேன். இரண்டு மாதத்துக்கு ஏழாயிரத்துச் சொச்சம். கூட்டிப் பார்த்துவிட்டு அவனே கொப்பியை மூடினான். அம்மா தையல் மெசினில் உழைக்கிற காசு. வங்கி அட்டையை மட்டும் போனில் பதிந்து வைக்காதீர்கள். வெளிநாட்டிலிருந்து வருகிற காசு விழும் கணக்கின் அட்டை என்றால் கட்டாயம் வேண்டாம்.

கூடாத ஆக்கள் வருவினம் எண்டு சொல்லுறது உண்மையா?

உண்மை. அவர்கள் வருகிற முறை ஏறக்குறைய ஒரே மாதிரித்தான் இருக்கும். முதலில் பரிசு: டயமண்ட், உடுப்பு. பிறகு புகழ்ச்சி. பிறகு "இங்க வேண்டாம், வட்ஸ்அப்புக்கு வா". பிறகு படம். படம் கைக்குப் போன பிறகு மிரட்டல். கேமுக்குள்ளிருந்து வெளியே கூப்பிடுகிற அந்த மூன்றாம் படியிலேயே பிள்ளை நிறுத்தப் பழக வேண்டும். ரோப்லொக்ஸ் 2024 நவம்பரில், 13 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு கேமுக்கு வெளியே நேரடியாகச் செய்தி அனுப்ப முடியாதபடி செய்தது. ஆனால் எங்கள் பிள்ளைகளில் பலர் பிறந்த வருடத்தைக் கூட்டிப் போட்டுத்தான் கணக்குத் திறந்திருக்கிறார்கள். அந்த வருடத்தை இன்றைக்கே பாருங்கள்.

பிள்ளைகள் ஏன் சொல்வதில்லை என்று கேட்டிருக்கிறேன். ஆளுக்குப் பயமில்லை, போனைப் பறித்துவிடுவார்கள் என்று பயம். ஆகவே முன்கூட்டியே வாய்திறந்து சொல்லிவையுங்கள்: "என்ன நடந்தாலும் என்னட்டச் சொல்லு, போனைப் பறிக்கமாட்டன்." சொன்னால் அதைக் காப்பாற்றுங்கள். நடந்துவிட்டால் செய்திகளை அழிக்காமல் படமெடுத்து வைத்துக்கொண்டு 1929க்கு எடுங்கள். சிறுவர் உதவி இலக்கம் அது, காசில்லை.

சண்டையைப் பார்த்த வீட்டில சுடுற கேம் விளையாட விடலாமா?

வன்னியில் இதைத் தட்டிக்கழிக்க முடியாது. 2009க்குப் பிறகு பிறந்த பிள்ளைக்கு அது வெறும் சத்தம். பக்கத்து அறையில் இருக்கிற அம்மாவுக்கு அப்படியில்லை.

ஒரு வீட்டில் பெடியன் ஸ்பீக்கரில் விளையாடிக்கொண்டிருந்தான். ஆட்டத்தில் பொருட்கள் போட ஒரு விமானம் வரும். அந்த இரைச்சல் கேட்டதும், அரிசி களைந்துகொண்டிருந்த அவனுடைய அம்மா பானையைக் கீழே வைத்தார். ஒன்றும் சொல்லாமல் எழும்பிப் போய்ப் பின் மதிலோடு ஒட்டிக்கொண்டு நின்றார். சண்டைக் காலத்தில் குண்டு போடும் கிபிர் விமானம் வந்தால் எங்கே போய் நிற்பாரோ அங்கே. கை ஈரமாக இருந்தது, அதைத் துடைக்கவும் இல்லை. பெடியன் திரும்பியே பார்க்கவில்லை. அவனுக்குத் தெரியாது, ஒருவரும் சொன்னதும் இல்லை.

விளையாடினால் பிள்ளை கெட்டுவிடும் என்று நான் சொல்லவில்லை. ஹெட்செட் வாங்கிக் கொடுங்கள், இது சின்னச் செலவு. அதற்கு முன் ஏன் வாங்குகிறோம் என்று சொல்லுங்கள். அந்தப் பெடியனுக்கு நான்தான் சொன்னேன். அதற்குப் பிறகு அவன் அம்மா இருக்கிற பக்கம் அந்த ஆட்டத்தைத் திறக்கிறதில்லை.

முகத்தில மாட்டுற அந்தக் கண்ணாடி நல்லதா?

எங்கள் பக்கம் இன்னும் அரிது, வெளிநாட்டு மாமா கொண்டுவந்தால் உண்டு. பலருக்குத் தலை சுற்றும், குமட்டும். நீங்கள் ஓடுகிறீர்கள் என்று கண் சொல்கிறது, இருந்த இடத்தில் இருக்கிறீர்கள் என்று காதின் உட்பகுதி சொல்கிறது, மூளை குழம்புகிறது. தொடக்கத்தில் பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். சின்னப் பிள்ளைகளுக்கு வேண்டவே வேண்டாம், மெட்டா நிறுவனமே பெற்றோரின் அனுமதியோடு பத்து வயதுக்கு மேல்தான் என்கிறது. இந்தக் கண்ணாடிக்கு நல்ல பயனும் உண்டு. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் தீக்காயம் பட்டவர்களுக்குக் கட்டு மாற்றும்போது பனி உலகம் ஒன்றைக் காட்டி வலியைக் குறைத்திருக்கிறார்கள்.

சிக்னல் குறைவு, டேட்டாவும் முடியுது. என்ன செய்யலாம்?

விளையாட்டுக்குப் போகிற டேட்டா குறைவு. அப்டேட்டும் மற்றவர் விளையாடுவதை வீடியோவாகப் பார்ப்பதும்தான் தின்கிறது. அப்டேட்டை இரவு டேட்டாவில் போடுங்கள். பிங், அதாவது போனிலிருந்து செய்தி போய்த் திரும்பிவர எடுக்கும் நேரம், கூடினால் ஆட்டம் இழுபடும், பிள்ளைக்குக் கோபம் வரும். அந்த நேரத்தில் புத்தி சொல்லப் போகாதீர்கள்.

ஒரு நாளைக்கு எத்தனை மணித்தியாலம் விடலாம்?

சீனா 2021இல் 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு வெள்ளி, சனி, ஞாயிறு, விடுமுறை நாட்களில் மட்டும் இரவு எட்டிலிருந்து ஒன்பது வரை என்று சட்டம் போட்டது. வீட்டில் அப்படி மணிக்கூடு பிடித்து நிற்க முடியாது. நான் நேரத்தை எண்ணுவதில்லை, அது எதைத் தின்கிறது என்று பார்க்கிறேன். நித்திரை எட்டு மணித்தியாலம் வருகிறதா, இரவுச் சாப்பாட்டுக்கு வந்து இருக்கிறானா, பின்னேரம் உடம்பு வேர்க்கிறதா? மூன்றும் இருந்தால் மிச்சத்தை விடுங்கள்.

இன்னொரு விசயம். "இப்பவே நிப்பாட்டு" என்று கத்தாதீர்கள். கூட்டாக விளையாடும் ஆட்டத்தை இடையில் நிறுத்த முடியாது, விட்டுவிட்டு எழும்பினால் மற்ற மூன்று பேரை அந்தரிக்க விட்டதாகும். "இந்த மட்ச் முடிய வா" என்று சொல்லுங்கள். பதினைந்து நிமிடத்துக்குள் வருவான். அடுத்ததைத் தொடங்கினால் அப்போது ஏசலாம்.

சேர், நானும் உள்ள போய்ப் பாக்கலாமோ?

இதைக் கேட்டவர் வட்டக்கச்சிப் பெடியனின் அப்பா. இரணைமடுத் தண்ணீரில் நாலு ஏக்கர் விதைக்கிறவர். மகனின் வீடு அழிந்த பிறகு கேட்டார். போகலாம் என்று சொன்னேன். பிள்ளையையே படிப்பிக்கச் சொல்லுங்கள், பிழைவிட்டால் சிரிக்கட்டும், விடுங்கள். முதல் நாள் நடக்கத் திணறுவீர்கள், நிலத்தைப் பார்ப்பதா வானத்தைப் பார்ப்பதா என்று தெரியாது. பொறுமையாக இருந்தால் மூன்றாம் நாள் பழகிவிடும்.

அவர் போனார். மகன் அம்மம்மாவின் வீட்டைத் திரும்ப அத்திவாரத்திலிருந்து கட்டிக்கொண்டிருந்தான். கிணற்றுக்குப் பின்னால் வெறும் புல் நிலம். "இதில வயல் செய்யலாமோ?" என்று கேட்டிருக்கிறார். மைன்கிராஃப்டில் தண்ணீர் சமநிலத்தில் ஏழு கட்டி தூரம் ஓடும், தண்ணீருக்கு நாலு கட்டிக்குள் இருக்கிற மண்தான் ஈரம் பிடிக்கும். மகன் அதைச் சொன்னதும் மனுசன் நிமிர்ந்து இருந்துவிட்டார். பிறகு ஒரு கடதாசியை எடுத்து வாய்க்கால் கீறினார்: தலைவாய்க்கால் இது, கிளை இது, இடைவெளி எட்டுக் கட்டி. மகன் வெட்டினான். போன கிழமை வகுப்பு முடிந்து சைக்கிளை எடுக்கப் போனபோது மதிலோரம் நின்று போனை நீட்டிக் காட்டினார். அங்கே நெல் கிடையாது, கோதுமைதான் போட்டிருந்தார்கள். கடைசி வரிசை மட்டும் காய்ந்திருந்தது. "அதுக்குத் தண்ணி ஏறேல்ல சேர்," என்றார், "இரவைக்குப் பாப்பம்."